பிறந்த வீட்டுக் கோடி

இன்று காமயகவுண்டன்பட்டியில், இறந்துபோன எங்கள் பக்கத்து வீட்டு அக்காவை எடுத்தோம்.

பிறந்த வீட்டிலிருந்து வரும் கோடிச் சேலையைப் போர்த்தித்தான் எடுக்க வேண்டும். துணியோ யுத்தத்தால் கன்ட்ரோல் கடைப் பங்கீட்டில்தான் கிடைக்கும். நேற்றே ஆள் அனுப்பி, உச்சிப் பொழுதுவரை காத்திருந்தோம். அக்காவின் தம்பி வரவில்லை.

சுடுகாட்டிலிருந்து திரும்பினால், தெருமுனையில் நிற்கிறான். தேவதானப்பட்டியிலிருந்து, வெறுங்கையோடு.

அக்காவின் புருஷன் கத்தினார். "இம்புட்டு நேரம் எங்கன போன, மாப்பிள?"

"கன்ட்ரோல் கடையில சேலை இல்லைன்னுட்டாக, மச்சான். பெரியகுளம், தேனி, கம்பம்னு கடை கடையா ஏறி இறங்கினேன். அக்காவுக்குக் கடைசிச் சேலை. வெறுங்கையோட எப்படி வாரது?"

"சாக்குச் சொல்லாத!"

தம்பி மெதுவாகக் கேட்டான்: "அக்கா மேல எதைப் போத்தி எடுத்தீக?"

அவரும் காலையிலிருந்து துணி கேட்டு ஏறாத வாசலில்லை. தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"சாக்கு... நெல்லுச் சாக்கு."

இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

யுத்தம் முடிந்துவிட்டதாம். உங்கள் ஊர்க் கடைக்குச் சேலை வந்ததா? வராவிட்டால், ஏன் வரவில்லை என்கிறார்கள் என்று சொல்லுங்கள். அது காரணமா சாக்கா என்று நாங்கள் சொல்கிறோம்.