தம்பி கேட்ட குரல்

உடப்பு என்ற கடற்கரைக் கிராமத்தில் வீரகத்தியின் மகள் சாருமதிக்குப் பாட்டு வராது. ஆனால் அவள் கதைத்தால் கேட்டுக்கொண்டிருக்கலாம் போலிருக்கும். கிழக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படித்தபோது அந்தக் குரலே அவளை ஒரு வேலைக்குள் இழுத்துவிட்டது.

அங்கே மாணவர் ஆலோசனைப் பிரிவைப் பார்த்துக்கொண்ட விரிவுரையாளர் முஃபீதா, புத்தளம் தில்லையடியைச் சேர்ந்தவர். பரீட்சைப் பயத்திலும் தனிமையிலும் நித்திரை இழந்து கிடக்கும் பிள்ளைகளுக்காக அவர் தமிழில் ஒரு செயலி செய்துகொண்டிருந்தார். பெயர் 'நிதானம்'. கைபேசியில் திறந்தால் ஒரு குரல் பத்து நிமிடம் பேசும். மூச்சைக் கவனிக்கச் சொல்லும். மனதில் வருவதை விரட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லும். அந்தக் குரலுக்கு அவர் சாருமதியைக் கேட்டார்.

ஜன்னலுக்குப் போர்வை கட்டிய சின்ன அறையில் ஒலிப்பதிவு நடந்தது. முதல் நாள் வாசித்தது முஃபீதாவுக்குப் பிடிக்கவில்லை.

"செய்தி வாசிக்கிற மாதிரி ஈக்குது சாரு. வீட்டில சின்னப் பிள்ளைய நித்திரையாக்கி இருக்கிறீங்களா?"

"ஓம் மிஸ். தம்பிய."

"அப்ப அவருக்குச் சொல்ற மாதிரிச் சொல்லுங்க."

அம்மா விடியவே கருவாடு காயப்போடக் கடற்கரைக்குப் போய்விடுவாள். எழும்பி அழுகிற விதுஷனை மறுபடி படுக்கவைப்பது சாருமதியின் வேலை. அவளுக்கு அப்போது ஏழு வயது, அவனுக்கு நாலு. அந்த நினைப்போடு வாசித்தபோது குரல் தானாகத் தணிந்தது. எட்டுப் பதிவுகளும் நாலு நாளில் முடிந்தன.

செயலி ஒரு பல்கலைக்கழகத்தோடு நிற்கவில்லை. பிள்ளைகள் ஆளுக்காள் அனுப்ப, தமிழ்ப் பிள்ளைகள் படிக்கிற இடமெல்லாம் பரவியது. 'அக்கா, உங்கட குரலைக் கேட்டுத்தான் நான் பரீட்சை மண்டபத்துக்குள்ள போனன்' என்று முகம் தெரியாத ஒருத்தி எழுதியிருந்தாள். சாருமதி அதைப் பலமுறை வாசித்தாள். இன்னும் எட்டுப் பதிவு செய்யலாம் என்று முஃபீதா சொன்னபோது உடனே சம்மதித்தாள்.

அதே வருடம் விதுஷன் மலைநாட்டில் பொறியியல் படிக்கப் போயிருந்தான். உடப்பில் சந்தியில் அவன் படம் போட்டுப் பதாகை கட்டினார்கள். அப்பா கரைவலை இழுக்கப் போகும்போதெல்லாம் சுற்றுப் பாதையானாலும் அந்தச் சந்தியால்தான் போனார். முதல் மாதங்களில் விதுஷன் அடிக்கடி அக்காவுக்கு அழைத்தான். விரிவுரை முழுக்க ஆங்கிலம், ஒன்றும் பிடிபடவில்லை என்றான். எல்லாருக்கும் தொடக்கம் அப்படித்தான் என்றாள் அவள். பிறகு அவன் அழைக்கிற நேரமெல்லாம் அவளுக்கு ஏதோ ஒரு வேலை இருந்தது. "பிறகு எடுக்கிறனடா" என்று வைப்பாள். சில நாள் எடுத்தாள், பல நாள் மறந்தாள். போகப் போக அவன் அழைப்பது குறைந்தது. பழகிவிட்டான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஆவணியில் ஒரு காலை அப்பா அழைத்தார்.

"தம்பி வந்து ஆறு நாளாச்சு. லீவு எண்டான். சாப்பிடுறானில்ல மகள். சுவரப் பாத்துக்கொண்டு படுத்திருக்கிறான்."

சாருமதி அன்றே பஸ் ஏறினாள். வீட்டுக்குள் நுழைந்தபோது விதுஷன் பாயில் ஒருக்களித்துக் கிடந்தான். காதில் வயர் செருகியிருந்தது. முகம் வற்றிப்போயிருந்தது. அவளைக் கண்டதும் எழும்பவும் இல்லை, ஆச்சரியப்படவும் இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்து கைபேசியைப் பார்த்தாள். 'நிதானம்' ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல்மூலையில், இடைவிடாமல் கேட்ட நாட்களின் எண்ணிக்கை: இருநூற்றுப் பதினாலு. ஒரு மாதம் ஒரு நாளும் தவறாமல் கேட்டால், பாராட்டி அங்கே ஒரு பச்சை இலை வரும். அவனுக்கு ஏழு இலைகள் வந்திருந்தன.

"இதையா கேட்டுக்கொண்டிருந்தனீ?"

"ஓம்."

"எனக்கு எடுத்திருக்கலாமேடா."

அவன் வயரைக் கழற்றி விரலில் சுற்றினான். "உனக்கு எடுத்தா நீ பிஸி. இதில நீ எப்பவும் இருந்தாய். முதல்ல நல்லாத்தான் இருந்துது அக்கா. படுத்தா நித்திரை வந்துது. பிறகு நான் உனக்குப் பதில் சொல்லத் தொடங்கினன். எனக்கு ஏலாமக் கிடக்கு எண்டு சொல்லுவன். நீ மூச்சை மெதுவா வெளிய விடு எண்டு சொல்லுவாய். என்ன சொன்னாலும் அதைத்தான் சொல்லுவாய்."

அவன் கொஞ்சம் கொஞ்சமாக மற்றதையும் சொன்னான். இரண்டாம் மாதத்தோடு விரிவுரைக்குப் போவதை நிறுத்தியிருக்கிறான். முதல் வருடப் பரீட்சை ஒன்றுக்கும் இருக்கவில்லை. பகலெல்லாம் அறையைப் பூட்டிக்கொண்டு கிடந்திருக்கிறான். அறைத் தோழன் கேட்டபோது காய்ச்சல் என்றிருக்கிறான்.

மறுநாள் அவனைச் சிலாபத்துக்குக் கூட்டிப்போனாள். கிளினிக்கில் டொக்டர் சிங்களத்தில் கேட்டதை அவள் தமிழில் சொன்னாள். அவன் முணுமுணுத்ததைச் சிங்களத்தில் சொன்னாள். சாக வேண்டும் என்று எண்ணியதுண்டா என்ற கேள்வி வந்தது. அதை அவளே தம்பியிடம் கேட்க வேண்டியிருந்தது. அவன் நிலத்தைப் பார்த்து ஓம் என்று தலையாட்டினான். அந்த ஒரு சொல்லை டொக்டருக்குச் சொல்ல அவளுக்குச் சரியாக ஒரு நிமிடம் பிடித்தது.

குளிசை கொடுத்தார்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை வரச் சொன்னார்கள். தனியே விடவேண்டாம், படிப்பைப் பற்றி இப்போதைக்கு நெருக்க வேண்டாம் என்றார்கள். பிறகு பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது: பதிவு நீக்கப்படுகிறது, ஆறு கிழமைக்குள் மேன்முறையீடு செய்யலாம். அப்பா அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு மடித்தார். "படிப்புப் போனாப் போகட்டும். ஆள் இருக்கட்டும்" என்றார். கடிதம் அலுமாரிக்குள் போனது. அடுத்த வாரம் அவரே சந்திக்குப் போய்ப் பதாகையை அவிழ்த்துக்கொண்டு வந்தார்.

சாருமதி திரும்பிப்போனதும் முஃபீதாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "என்ர குரலை எடுத்துப்போடுங்கோ மிஸ்" என்றாள்.

முஃபீதா கைபேசியில் செயலியைத் திறந்து அந்த இலைப் படத்தைப் பார்த்தார். "எடுத்தா அதால தூங்குற பிள்ளைகள் என்ன செய்யும் சாரு? பிழை குரல்ல இல்ல. இருநூறு நாள் ஒருத்தர் ஒவ்வொரு நாளும் கேட்டா, ஏன் எண்டு கேக்க இங்க ஒருத்தரும் இல்லாமப் போயிட்டோம். நான் இலை குடுத்தேன்."

இலைகளை நீக்கினார்கள். ஒவ்வொரு பதிவின் முடிவிலும் சாருமதி புதிதாகச் சில வரிகள் பேசினாள்: 'பல நாள் கேட்டும் பாரம் குறையவில்லையா? இதை நிறுத்துங்கள். ஓர் ஆளிடம் சொல்லுங்கள். நான் பதிவுசெய்த குரல். எனக்கு நீங்கள் சொல்வது கேட்காது.' அதன் கீழே, அழைத்தால் மனிதர் எடுக்கிற ஒரு இலக்கத்தைப் போட்டார்கள். கடைசி வரியை மட்டும் அவள் பதினொரு தரம் பதிய வேண்டி வந்தது.

விதுஷன் தேறியது மெதுவாக. முதலில் சாப்பிட்டான். பிறகு குளித்தான். கார்த்திகையில் படகுகளின் வெளியிணைப்பு இயந்திரம் திருத்துகிற மரியநாயகத்தின் கடைக்குப் போய்வரத் தொடங்கினான். சாருமதி ஒவ்வொரு பின்னேரமும் அழைத்தாள். "ம்" என்பான். அதற்கு மேல் வராது. ஆனாலும் அவள் வைக்கமாட்டாள்.

மார்கழியில் ஒருநாள் அவனே அழைத்தான்.

"அக்கா, அந்தக் கடிதத்துக்கு மேன்முறையீடு போடலாமா? டொக்டர் எழுதித் தந்த துண்டெல்லாம் இருக்குத்தானே."

அவள் விடுதிப் படிக்கட்டில் நின்று நாட்களை எண்ணிப் பார்த்தாள். ஆறு கிழமை முடிந்து இரண்டு மாதமாகியிருந்தது. அவனை நெருக்கக் கூடாது என்று யாரும் அந்தப் பேச்சை அவனிடம் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை.

"நாள் போயிட்டுதடா" என்றாள். "எழுதிப் பாப்பம். ஆனா போயிட்டுது."

மறுபக்கம் இயந்திரம் ஒன்று உறுமி ஓய்ந்தது.

"சரி" என்றான். கொஞ்சம் பொறுத்து, "எனக்குப் பாலம் கட்டுற பாடம் விருப்பமா இருந்துது அக்கா. அது ஒண்டுதான் விளங்கினது" என்றான்.

பிறகு அந்தப் பாலங்களைப் பற்றியே சொல்லிக்கொண்டு போனான். பாரம் எப்படி ஒரு தூணிலிருந்து மற்றதற்குப் போகிறது, எந்த இடத்தில் முதலில் வெடிக்கும் என்றெல்லாம் சொன்னான். நாற்பது நிமிடம். சாருமதிக்கு அதில் பாதி விளங்கவில்லை. இடையில் ஒரு சொல்லும் பேசாமல், கண்ணைத் துடைத்துத் துடைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.