நீலத் திரை கேட்ட சம்மதம்

வில்யோ முப்பத்தொரு வருஷம் கோட்கா துறைமுகச் சுங்கத்தில் பெட்டி திறந்தவர். ஓய்வுபெற்ற பிறகு திறக்கப் பெட்டி இல்லை. சந்தேகம் மட்டும் ஓய்வுபெற மாட்டேன் என்றது. தபால்காரி சிரித்தால் எதற்குச் சிரித்தாள் என்பார். அப்படிப்பட்ட மனுஷன், கம்ப்யூட்டர் தன்னை உளவு பார்ப்பதாக முடிவு கட்டி, மேல்மாடி என்ஸியோவைக் கூப்பிட்டுப் புது ஆபரேட்டிங் சிஸ்டம் போடச் சொன்னார்.

என்ஸியோ கப்பலில் ரேடியோ பழுது பார்த்தவர். பொறுமையாக எல்லாவற்றையும் ஏற்றினார். கடைசியில் திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டை இயக்குகிற டிரைவர் மென்பொருள் ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொன்னது. வில்யோ கையால் மறைத்துக்கொண்டு தட்டினார்.

"நான் பாக்கலப்பா! மறுபடி ஆன் பண்றப்ப நீலத் திரை ஒண்ணு வரும். புதுச் சாவியைச் சேக்கட்டுமான்னு கேக்கும். சரின்னு சொல்லி, இப்ப வச்ச பாஸ்வேர்டைப் போடு. அவ்வளவுதான்."

ஐந்து மணிக்குக் கட்டடத்துப் பொது நீராவிக் குளியலறையான சவுனாவில் என்ஸியோவின் முறை. தோளில் துண்டோடு கீழே இறங்கிவிட்டார்.

வில்யோ மறுபடி ஆன் செய்ததும் நீலத் திரை வந்தது. பாஸ்வேர்டு கேட்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனானே, அது ஏன்? இந்தப் பெட்டியில ஒண்ணுமில்ல சார் என்று கேட்காமலே சொன்னவனிடம்தானே சுங்கத்தில் எப்போதும் கடத்தல் சரக்கு இருந்தது! வில்யோ வேண்டாம் என்று அழுத்தினார்.

பிறகு வந்த திரையில் எழுத்தெல்லாம் உப்பிக் கிடந்தது. கம்ப்யூட்டரோடு இணைத்திருந்த கூடத்துப் பெரிய டிவியில் சிக்னலே இல்லை.

அந்த டிவி மனைவி மைரேவுக்கு உயிர். அவளுக்குப் பார்வை நடுவிலிருந்து மங்கிக்கொண்டு வந்தது. சின்னத் திரை எதுவும் உதவாது. விராலடிப்பான் என்ற மீன்பிடிப் பருந்தின் கூடு ஒன்றை இணையத்தில் நேரலையாகக் காட்டும் கேமராவை, கூட்டில் முட்டை இருந்த நாளிலிருந்தே பார்த்து வந்தாள். இப்போது குஞ்சு கூட்டு விளிம்பில் நின்று சிறகடித்துக்கொண்டிருந்தது. இன்றோ நாளையோ பறந்துவிடும்.

"என்ஸியோவக் கூப்பிடேன்."

"கெடுத்தவனையே கூப்பிடச் சொல்றியா?"

வயரை மாற்றினார், டிவியைத் தட்டினார். டிரைவரைத் தானே மூன்று முறை திரும்ப ஏற்றினார். மூன்று முறையும் நீலத் திரை சம்மதம் கேட்டது. மூன்று முறையும் மறுத்தார். எவ்வளவு பிடிவாதமாகக் கேட்கிறான் திருடன்!

ஐந்தாம் நாள் மாடிப்படியில் என்ஸியோவை மறித்தார்.

"என் பாஸ்வேர்டைத் திருடத்தானே அந்தத் திரைய வச்ச?"

"ஏன்யா, அதுக்குச் சரின்னு சொன்னியா, இல்லையா?"

"இல்ல."

"எத்தன தடவ?"

வில்யோ தொண்டையைச் செருமினார். "நாலு."

"நாசமாப் போச்சு! நீ சரின்னாத்தான்யா அந்த டிரைவரையே உன் கம்ப்யூட்டர் உள்ள விடும். அதுவும் உன்ன மாதிரியே சந்தேகப் பிராணி. போய்ச் சரின்னு சொல்லு."

வில்யோ வீட்டுக்குப் போய் டிரைவரை மறுபடி ஏற்றினார். நீலத் திரைக்குச் சரி என்றார். டிவி பளிச்சென்று உயிர்பெற்றது. மரத்தின் பட்டைகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. கூடு காலியாக இருந்தது.

"மைரே!" குரல் அவருக்கே பிடிக்கவில்லை. "குஞ்சு... போயிடுச்சு போல."

"நேத்து காலையிலயே பறந்துடுச்சு. ரெண்டு தடவ வட்டமடிச்சிட்டுத்தான் போச்சு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"என்ஸியோ வீட்டு டிவில பாத்தேன். நாலு நாளா ரொட்டி வாங்கப் போறேன்னு சொல்லிட்டு அங்கதான் போனேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா விட்டிருப்பியா? உன்கூடச் சேந்து பாக்கணும்னுதான் முட்டையிலேர்ந்து காத்திருந்தேன்." மைரே காலியான கூட்டைப் பார்த்தபடியே பேசினாள். "நாலு நாளும் ரொட்டி இல்லாம வெறுங்கையோடதான் வந்தேன், வில்யோ. நீ அதப் பாக்கவேயில்ல."

வில்யோ எழுந்துபோய் ரொட்டிப் பெட்டியைத் திறந்து பார்த்தார். உள்ளே தூள்கூட இல்லை.