பிறேம் மாற்றிக் கொழுவிய வயர்

மருதனார்மடத்தில் றேடியோவும் தண்ணீர்ப் பம்பியும் திருத்தும் பிறேமுக்கு எந்தப் பழுதும் பார்த்தவுடன் பிடிபட்டுவிடும். அந்த நினைப்புத்தான் அவனைக் கவிழ்த்தது.

உரும்பிராயில் கஜந்தினி மின்சாரப் பெட்டியில் முட்டை வைத்துக் குஞ்சு பொரிப்பவள். குஞ்சு கோதில் ஒட்டாமலிருக்க முட்டைத் தட்டைத் திருப்பும் மோட்டர் பழுதானபோது, பிறேம் ஒரு பழைய பிரின்டரிலிருந்து ஸ்டெப்பர் மோட்டர் ஒன்றைக் கழற்றிக் கொண்டுபோனான். பெயரோ இலக்கமோ இல்லாத மோட்டர், உள்ளே இரண்டு கம்பிச் சுருள்கள், வெளியே நான்கு வயர்கள். எந்த இரண்டு ஒரே சுருளின் முனைகள் என்று சோதிக்காமல், கறுப்பும் சிவப்பும் ஒரு சோடி, பச்சையும் நீலமும் மற்றச் சோடி என்று ஊகித்துக் கொழுவினான். மோட்டர் நடுங்கி இரைந்தது.

“தம்பி, தட்டு திரும்பிற மாதிரித் தெரியேல்லையே?”

“அது மெல்லத்தான் திரும்பும் அக்கா. கண்ணுக்குத் தெரியாது.”

கொடிகாமத்தில் ஒரு கலியாண வீடு. அவனுக்கு அவசரம்.

மூன்று கிழமை கழிந்தும் ஒரு குஞ்சும் வெளிவரவில்லை. பெட்டியைப் பார்க்க வரச்சொன்னார்கள். பிறேம் போனபோது கஜந்தினி உடைத்த முட்டைகளின் முன் குந்தியிருந்தாள். வளர்ந்த குஞ்சுகள் கோதோடு ஒட்டிச் செத்திருந்தன.

“பெட்டிக்குள்ளை ஈரம் காயாமல் தண்ணி விடுறது ஒண்டுதான் உங்கடை வேலை. அதையும் மறந்துபோட்டியள்” என்று கணவன் பிரகாஸை ஏசினாள்.

“ஒரு நாளும் மறக்கேல்லையப்பா” என்றவர், பிறகு, “சிலவேளை இடையிலை விட்டிட்டனோ தெரியாது” என்றார்.

பிறேமுக்குத் தன் மோட்டரில்தான் சந்தேகம். அதைக் கழற்றிக்கொண்டு தன் கடைக்குப் போனான்.

அங்கே கறுப்பு, சிவப்பு வயர்களின் நுனிகளைச் சேர்த்து முறுக்கி, தண்டை விரலால் திருகினான். இலகுவாகச் சுற்றியது. ஒரே சுருள் என்றால் இறுகியிருக்க வேண்டும். கறுப்பையும் பச்சையையும் சேர்த்தான். தண்டு இறுகியது. இவ்வளவுதான் வேலை. இதைக்கூட அன்றைக்குச் செய்யவில்லை. செய்யாத பிழையைத் தன்மேல் போட்டுக்கொண்ட பிரகாஸின் முகம் அவனைக் கடையில் இருக்கவிடவில்லை.

திரும்பிப் போனான்.

“அக்கா, அண்ணையிலை பிழையில்லை. வயரை நான்தான் மாத்திக் கொழுவிப்போட்டன். தட்டு திரும்பவே இல்லை.”

கஜந்தினி அவனையே பார்த்தாள். “காலமை நான் அவரை ஏசேக்கை கேட்டுக்கொண்டுதானே நிண்டனீர்?”

“ஓம்.”

அவள் எழுந்து உள்ளே போனாள். பிரகாஸ்தான் டோர்ச் பிடித்தார். வயர்களைச் சரியாகக் கொழுவியதும் தட்டு அசைந்து சாய்ந்தது.

அடுத்த முறை குஞ்சுகள் பொரித்தன. பிரகாஸ் சந்தோசமாகப் போன் எடுத்துக் கூப்பிட்டார். பிறேம் போய்ப் பார்த்தான். கஜந்தினி மழையைப் பற்றிக் கதைத்தாள். ஆனால், கதிரையைக் காட்டி இருக்கச் சொல்லவில்லை. அது அவனுக்குப் பிழையாகவும் படவில்லை.