ஐம்பது மொட்டையும் ஒரு காற்றுப் பம்பும்

1. முறுக்கிப் பார்ப்பது

ரொறன்ரோவில் ஒரு கல்லூரி ஃபுட்போல் அணிக்கு எக்விப்மென்ட் மனேஜராக இருபத்திரண்டு வருடம் இருந்தேன். காலால் உதைக்கிற ஆட்டம் இல்லை. ஹெல்மெட் போட்டு மோதுகிற ஆட்டம். அந்த ஹெல்மெட்டுகள் என் பொறுப்பு. உள்ளே சின்னக் காற்றுப் பைகள் இருக்கும். ஒவ்வொரு தலைக்கும் ஏற்றபடி பம்பால் காற்றடித்து, முகக்கம்பியைப் பிடித்து முறுக்கிப் பார்ப்பேன். ஹெல்மெட்டோடு தலையும் சேர்ந்து திரும்ப வேண்டும். முதல் சீசனில் ஒருவனுக்கு முறுக்கிப் பார்க்காமல் விட்டேன். ஹெல்மெட் சுழன்று புருவத்தைக் கிழித்தது. அவனுடைய தாய் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனார். திட்டியிருந்தால் மனம் ஆறியிருக்கும்.

2. முற்கூட்டிய நேர்த்தி

என் கடைசி சீசன். முந்தின வருடம் ஒரு ஆட்டம்கூட வெல்லாத அணி, இந்த வருடம் பிளேஓஃப் என்கிற இறுதிச் சுற்றின் வாசலில் நின்றது. கடைசி ஆட்டத்தில் வென்றால் உள்ளே, தோற்றால் வீடு.

அன்று காலை லொக்கர் ரூம் கதவைத் திறந்தேன். ஐயோ! ஐம்பது பேரும் மொட்டை.

நிருஷன் முன்னால் வந்தான். மல்வேர்ன் பக்கத்துத் தமிழ்ப் பெடியன், முன்வரிசையில் நின்று எதிரணியை மறிக்கிற எங்கள் மிகப் பலமான லைன்மன். முதல்நாள் வரை பெரிய கொண்டை வைத்திருந்தவன்.

"அம்மா கோயிலுக்கு நேத்தி வச்சவ அங்கிள், வெண்டா மொட்டை எண்டு. நான் பெடியளுக்குச் சொன்னன், தி ஹோல் டீம் வோஸ் இன், எல்லாரும் தாங்களும் எண்டிட்டாங்கள்."

"டேய், வெண்டாப் பிறகுதானடா மொட்டை! முன்னுக்கே அடிச்சுப்போட்டு வந்து நிக்கிறாய்!"

"அட்வான்ஸ், அங்கிள்."

சிரித்துக்கொண்டே அவன் ஹெல்மெட்டை மாட்டி முறுக்கினேன். முகக்கம்பி காதுப் பக்கம் போய்விட்டது, தலை அசையவில்லை. நான் அளந்ததெல்லாம் முடியோடு இருந்த தலைகள்.

ஆட்டம் தொடங்கும் கிக்ஓஃபுக்கு இன்னும் ஒன்றரை மணித்தியாலம். எல்லோரையும் வரிசையில் நிறுத்தினேன். நாற்பத்தொன்பது தலைக்குக் காற்று போதும். நிருஷனுக்குப் போதவில்லை. ஒரு சைஸ் சின்ன ஹெல்மெட் எடுத்து, லைன்மனுக்கான முகக்கம்பியை அதற்கு மாற்ற வேண்டும். பழைய ஹெல்மெட்டில் ஒரு ஸ்குரூ இறுகிப் போய்க் கிடந்தது. அதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது.

கோச் ஓடிவந்தார். "அந்தோனி, ஐ நீட் ஹிம் நவ்! பழையதோடு அவனை விடு!" என்று ஆங்கிலத்தில் கத்தினார்.

"விடமாட்டேன். வேண்டுமென்றால் நாளைக்கு வேறு ஆளைப் பாருங்கள்" என்றேன். பழைய ஹெல்மெட்டை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு ஸ்குரூவோடு மல்லுக்கட்டினேன்.

நிருஷன் இல்லாத பக்கத்தால் எதிரணி புகுந்து, பந்தை எறிகிற எங்கள் குவாட்டர்பக்கை இரண்டு தரம் விழுத்தியது. ஒரு ரச்டவுன், அதாவது ஏழு புள்ளி, பின்னுக்குப் போனோம். நிருஷன் மொட்டையில் கையை வைத்துக்கொண்டு, "அங்கிள், கெதியாய், அவனை அடிச்சுக் கொல்லுறாங்கள்" என்று அழாக்குறையாக நின்றான். தோற்றால் முழுப் பழியும் என் தலையில்தான்.

ஸ்குரூ ஒருவழியாகக் கழன்றது. மாற்றிப் பூட்டி முறுக்கினேன். தலை கூடவே வந்தது. "ஓடடா!"

கடைசி நிமிடம், புள்ளி சமம், மூன்றாவது டவுன் என்கிற கடைசி வாய்ப்பு, கோட்டுக்கு ஒரு யார்ட். நிருஷன் முன்னால் நின்ற இரண்டு பேரையும் நெஞ்சால் தள்ளிக்கொண்டு போனான். அந்த இடைவெளியால் குவாட்டர்பக் உள்ளே விழுந்தான். வென்றோம்! நான் அழுதேன். பெருமையில் வந்த அழுகை, மறைக்கவில்லை.

3. வரிசை

அடுத்த ஆட்டத்தில் தோற்றோம். பரவாயில்லை. நான் படித்தது இதுதான்: தலை போன கிழமை இருந்தபடி இந்தக் கிழமை இருக்காது, ஒவ்வொரு முறையும் முறுக்கிப் பார்.

அந்தத் தோற்ற ஆட்டத்தன்று காலை நான் யாரையும் கூப்பிடவில்லை. ஐம்பது பேரும் தாங்களாகவே என் கதவடியில் வரிசையாக நின்றார்கள். கடைசியில் கோச். அவரும் மொட்டை. குனிந்து தலையை நீட்டினார்.

இரண்டு காதையும் பிடித்து முறுக்கினேன். தலை சரியாகத் திரும்பியது.