பின்சக்கரத்துக் கல்

போடியில் ஐடிஐ படிக்கும்போது, எங்கள் மோட்டார் மெக்கானிக் வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். மலைமேல் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டிலிருந்து ஜீப்பில் இறங்கி வருவாள். தொளதொளத்த காக்கிச் சட்டையின் கையை மடித்து ரப்பர் பேண்டு போட்டிருப்பாள்.

எந்த வண்டியில் கைவைத்தாலும் முதலில் பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுப்பாள். ஏலமலைச் சரிவில் ஜீப்பை நிறுத்துகிறவர்களின் பழக்கம் அது. எங்கள் பட்டறையோ சமமான சிமெண்டுத் தரை. நாங்கள் சிரிப்போம், அவள் கண்டுகொள்ள மாட்டாள்.

படிப்பு முடியும் சமயத்தில் ஓசூர் கம்பெனி ஒன்று அவளை மட்டும் வேலைக்கு எடுத்தது. மறுநாளே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அந்த இடம் எனக்கு வந்தது. ஜீப்புக்கு அடியில் அவள் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது போய்க் கேட்டேன்.

"ஏம்ப்பா போகல?"

"அம்மாவுக்கு இந்த வருசத்தோட வேலை முடியுது. வீட்டுல ஒராளாவது எஸ்டேட்டு சோலிக்குப் போகலன்னா வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவாங்க. அப்பா படுத்த படுக்கையா கெடக்காரு. எங்க தூக்கிட்டுப் போறது? எஸ்டேட்டு ஜீப்ப நான் பாத்துக்கிறேன்னு சொல்லிட்டேன்."

"எத்தன வருசத்துக்கு?"

அவள் ஊர்ந்து வெளியே வந்து, சக்கரத்துக் கல்லைக் காலால் ஒருமுறை தள்ளிப் பார்த்தாள். அப்போது சிரித்தாளா என்பது இன்றும் எனக்குப் பிடிபடவில்லை. கல் நகரவில்லை.