முடி வளரும் மாதங்கள்: ஐப்பசியில் ஒரு நாள் திருத்தணி

ஐப்பசி இரண்டாம் வாரம், ஒரு புதன்கிழமை திருத்தணிக்குப் போய் வந்தேன். மழைக்காலத்தில் மலைக்கோயிலா என்று வீட்டில் கேட்டார்கள். மார்பகப் புற்றுநோய்க்கான மருந்தேற்றுவது முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. முந்தைய வாரம்தான் ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். "இனிமே நடங்க, படி ஏறுங்க" என்றார். படி என்றதும் எனக்குத் திருத்தணிதான் நினைவுக்கு வந்தது. வேண்டுதல் ஒன்றும் இல்லை. முந்நூற்று அறுபத்தைந்து படியையும் துணையில்லாமல் ஏறிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பெரம்பூரில் காலை 6.10க்கு லோக்கல் ரயில். டிக்கெட் இருபது ரூபாய். அரக்கோணத்தில் இறங்கி, அரை மணி காத்திருந்து அடுத்த வண்டி. அங்கிருந்து திருத்தணி பதின்மூன்று கிலோமீட்டர்தான். வழியெல்லாம் வயல்களில் தண்ணீர் கட்டி நின்றது. கோடையில் இதே வழியில் போனவர்களுக்கு இது வேறு ஊர் போலத் தெரியும்.

ஸ்டேஷனிலிருந்து படிக்கட்டு வரை ஆட்டோவுக்கு அறுபது ரூபாய்.

"மேலயே வுட்டுர்றேங்க, ரோடு கீது. மழ வர்ற மாதிரி இருக்குது" என்றார் ஓட்டுநர்.

"படி ஏறத்தான் வந்தேன்."

"அப்ப ஓரமா ஏறுங்க. நடுவுல பாசி புடிச்சிகினு இருக்கும்."

ஒன்பதேகாலுக்கு ஏற ஆரம்பித்தேன். நூறு படிக்கு மேல் மூச்சு வாங்கியது. இன்னும் கொஞ்சம் ஏறுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பக்கத்தில் இருந்த மண்டபத்துக்குள் ஓடினேன். தலையில் கட்டியிருந்த துணி நனைந்து கழுத்தில் சொட்டியது. வீட்டு ஆட்களைத் தவிர என் தலையை யாரும் பார்த்ததில்லை. வேறு வழியில்லாமல் அவிழ்த்துப் பிழிந்தேன்.

மண்டபத்தில் என் வயதை ஒத்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் மொட்டை போட்டு, தலையெல்லாம் சந்தனம். பொதட்டூர்பேட்டைக்காரர், வீட்டில் தறி ஓட்டுகிறவர். பெயர் கோமளா. கணவர் முன்னால் ஏறிப் போய்விட்டாராம். என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எப்ப முடி குடுத்தீங்க?"

ஏதாவது ஒரு மாதத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை.

"குடுக்கலைங்க. கேன்சர் மருந்துல கொட்டிடுச்சு. இப்பதான் வளருது."

"வைத்தியம் முடிஞ்சிதா?"

"முடிஞ்சுது."

"ஆங்" என்று தலையாட்டினார். அடுத்து வரப்போகும் 'ஐயோ பாவம்' எனக்குப் பழக்கமானது. அதற்குத் தயாராக இருந்தேன். அவர் கேட்டதோ வேறு. "இவ்ளோ வளர எத்தினி மாசம் ஆச்சி?"

"நாலு மாசம்."

அவர் விரல் விட்டு எண்ணினார். பெண்ணுக்கு இடம் அமைந்தால் முடி கொடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாராம். அமைந்துவிட்டது. தை மாதக் கடைசியில் கல்யாணம். "வேண்டுதல தள்ளிப் போடக் கூடாதுன்னு வந்துட்டேன். போட்டோவுல மொட்டையா நிப்பியான்னு கேட்டுட்டு, ரெண்டு நாளா பொண்ணு எங்கூட பேசமாட்டேங்கிறா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. என் ஃபோனில் மாதத்துக்கு ஒன்றாக என் தலையைப் படம் எடுத்து வைத்திருந்தேன். யாருக்கும் காட்டியதில்லை. மூன்றாம் மாதப் படத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அவர் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு தன் ஃபோனில் மகளைக் கூப்பிட்டு, "இந்தா, இவங்க சொல்வாங்க கேளு" என்று ஃபோனை என் கையில் வைத்துவிட்டார்.

"நெஜமா வளந்துடுமா ஆண்ட்டி?" என்றது அந்தக் குரல்.

"வளரும்மா. தை கடைசிக்குள்ள காதோரம் சின்னதா கிளிப் மாட்டலாம். பூதான் நிக்காது."

வருஷம் முழுக்க எல்லாரும் என்னிடம் சொன்ன வார்த்தை அது. 'வளரும்.' ஒருவர் சொல்லியும் நான் நம்பியதில்லை. அன்றைக்கு நானே சொன்னபோது துளி சந்தேகம் இல்லாமல் சொன்னேன். அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

மழை விட்டதும் சேர்ந்து ஏறினோம். வழக்கமாக அரை மணி ஆகும் படிகளுக்கு எங்களுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. பொது தரிசனத்துக்கு இருபது நிமிடம். வெளியே வந்து பார்த்தால் ஆந்திரா பக்கத்து மலைகள் வரை கழுவி வைத்ததுபோல் பச்சை. ஈரத் துணியைப் பையில் போட்டவள் அதைத் திரும்ப எடுக்கவே இல்லை. மேலே பாதிப் பேர் மொட்டை. என்னை யாரும் இரண்டாம் முறை பார்க்கவில்லை.

ஐப்பசியில் போக நினைப்பவர்களுக்கு: வார நாளில் போங்கள். கிருத்திகையன்று கூட்டம் தாங்காது. குடையைவிட மழைக்கோட்டு நல்லது, கை இரண்டும் பிடித்து ஏறத் தேவைப்படும். சிகிச்சை முடிந்து போகிறவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் மலை மேலேயே பஸ் போகிறது.

பிரியும்போது கோமளா கல்யாணத்துக்கு அழைத்தார். ஆஸ்பத்திரித் தேதிகள் மட்டுமே இருந்த என் காலண்டரில் அதையும் குறித்திருக்கிறேன். காலை ஆறு மணிக்கு முகூர்த்தம். முதல் நாளே போய்த் திருத்தணியில் தங்கினால், விடிவதற்குள் பொதட்டூர்பேட்டைக்குப் போக பஸ் இருக்கிறதா? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.