கிடங்கு அக்காவின் மூன்றாவது பரீட்சை

உதிரிபாகக் கிடங்கில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறவளை எல்லோரும் கிடங்கு அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கண்ணைக் கட்டிவிட்டாலும் கேட்ட ஆணியைக் கேட்ட அளவில் எடுத்துத் தருவாள். ஆனால் பொறுப்பாளர் ஆவதற்கு ஒரு பரீட்சை உண்டு. அதில் இரண்டு தடவை கோட்டை விட்டிருந்தாள். நேற்று வந்த பொடியன்கள் பாஸாகி, மேலே உட்கார்ந்துகொண்டு அவளையே வேலை ஏவினார்கள். வயிறு எரியாதா? வயசு வரம்பின்படி இந்தத் தடவைதான் கடைசி.

அவளைக் கவிழ்த்தது ஒரே பகுதி. நான்கு சொற்கள் கொடுத்து, பொருந்தாததைக் கண்டுபிடி என்பார்கள். கணவர் தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் பயிற்சிப் புத்தகத்திலிருந்து வாசித்தார்.

"ஆணி, உளி, அரம், ஏணி."

"ஏணி. அது தட்டுல நிக்காது, சுவத்துல சாத்தணும்."

"அரம்னு போட்டிருக்கு. மத்ததெல்லாம் ரெண்டெழுத்து, இது மட்டும் மூணு."

"இது என்ன நியாயம்? அரத்தையும் உளியையும் பக்கத்துல பக்கத்துல அடுக்குனதே நான்தாங்க!"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சொல் காதில் விழுந்ததுமே சாமான் கண்முன் வந்து நின்றுவிடுகிறது. அப்புறம் எழுத்தை எங்கே பார்ப்பது?

மறுநாள் வெளிநாட்டுப் பெட்டிகள் வந்து இறங்கின. மேலே எழுதியிருந்ததில் ஒரு எழுத்துகூட அவளுக்குத் தெரியாது. ஆனாலும் எழுத்துகளின் வளைவையும் வாலையும் நீளத்தையும் பார்த்தே அரை மணியில் ரகம் பிரித்தாள். ரகம் மாறி வந்த ஒரு பெட்டியைத் தனியே தள்ளி வைத்தபோதுதான் பொறி தட்டியது. அட, இவ்வளவுதானா!

அன்று முதல் கணவர் வாயைத் திறக்கத் தடை. சொல்லாகப் படிக்க வராதபடி புத்தகத்தைத் தலைகீழாக வைத்துக்கொண்டு எழுத்துகளை எண்ணினாள், கடைசி எழுத்துகளை ஒப்பிட்டாள். ஆறு வாரம் அடுப்படியிலும் விடவில்லை.

பரீட்சை அறையில் மேற்பார்வையாளர் குனிந்து பார்த்தார். "அம்மா, தாளைத் தலைகீழா வச்சிருக்கீங்க."

"தெரியும் சார். நேரா வச்சு ரெண்டு தடவை தோத்தாச்சு."

அந்தப் பகுதியில் இருபதுக்குப் பத்தொன்பது. முடிவைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து அழுதாள்.

கணவர் பதறிப்போனார். "பாஸாயிட்டதானே? ஏன் அழற?"

"பாஸானதுக்கு அழலைங்க. இத்தனை வருஷமா நான் மக்குன்னு நானே நம்பிட்டு இருந்தேனே, அதுக்குத்தான்."